இலாகா மாற்றம்

பாங்க்கில் சஸ்பென்ஸ் கணக்கு என்று ஒன்று உண்டு. எந்தத் தலைப்பில் சேர்ப்பது என்று தெரியாத தொகையைத் தற்காலிகமாக அதில் போட்டு வைப்போம். இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருகிறவர் தவறாமல் கேட்பது, அதில் எது எத்தனை நாளாகக் கிடக்கிறது என்பதை. பணத்தைப் பற்றிக் கேட்கிற இந்தக் கேள்வியை மனிதர்களைப் பற்றி நாம் கேட்பதில்லை. உடல் ஊனமோ மனவளர்ச்சிக் குறையோ உள்ளவர்களின் பொறுப்பு ஒரு சர்க்கார் இலாகாவிலிருந்து இன்னொன்றுக்குப் போனதாகப் படித்தால், நிர்வாக விஷயம் என்று பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். அது நிர்வாக விஷயம் மட்டும்தானா?

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடந்த ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். 1944-ஆம் வருஷத்துக் கல்விச் சட்டத்தின்படி, பள்ளியில் கல்வி பெற இயலாதது என்று முடிவு செய்யப்பட்ட குழந்தையைப் பற்றிக் கல்வி அதிகாரிகள் சுகாதார அதிகாரிகளுக்கு எழுதி அனுப்பிவிட வேண்டும். அதோடு கல்வி இலாகாவுக்கும் அந்தக் குழந்தைக்கும் சம்பந்தம் தீர்ந்தது. 1970-இல் நிறைவேறிய சட்டம் இந்த ஏற்பாட்டை ரத்து செய்தது. 1971 ஏப்ரல் 1 முதல், பயிற்சி நிலையங்களில் இருந்த சுமார் 24,000 குழந்தைகளும் ஆஸ்பத்திரிகளில் இருந்த சுமார் 8,000 குழந்தைகளும் கல்வி இலாகாவின் பொறுப்பில் வந்தார்கள். மார்ச் 31 அன்று படிக்க லாயக்கற்றவனாக இருந்த பையன் மறுநாள் மாணவன். ஒரே இரவில் அவனுக்குள் எதுவும் நிகழ்ந்துவிடவில்லை.

பின் எது மாறியது? இலாகா என்பது கட்டடமும் பைல்களும் மட்டுமல்ல, மனிதனைப் பார்த்துக் கேட்கப்படும் ஒரு கேள்வியும்கூட என்று எனக்குப் படுகிறது. சுகாதார இலாகா, உனக்கு என்ன வியாதி என்று கேட்கிறது. சமூகநல இலாகா, உன்னிடம் என்ன இல்லை என்று. கல்வி இலாகா, அடுத்து நீ என்ன கற்கப் போகிறாய் என்று. இந்தக் கடைசிக் கேள்விக்குச் சில குழந்தைகளிடமிருந்து பதில் வராமலே போகலாம். ஆனால் கேட்டுவிட்டுக் காத்திருப்பது வேறு. கேட்பதற்கு முன்பே பதில் இல்லை என்று தீர்ப்பது வேறு. 1971-இல் கல்வி இலாகாவுக்குக் கூடுதலாகச் சில கட்டடங்கள் கிடைத்தன என்பதைவிட, 'இவன் எங்கள் பொறுப்பல்ல' என்று சொல்லும் உரிமையை அது இழந்தது என்பதே பெரிது.

நம் நாட்டில் நடந்தது வேறு தினுசு. ஊனமுற்ற குழந்தைகளைப் பொதுப் பள்ளிகளில் சேர்த்துப் படிக்க வைக்கும் திட்டத்தை 1974-இல் சமூகநல இலாகா ஆரம்பித்தது. 1982-இல் அது கல்வி இலாகாவுக்குப் போயிற்று. ஆனால் சிறப்புப் பள்ளிகள் நலத்தின் பக்கமே நின்றுவிட்டன. ஆக, பொதுப் பள்ளிக்குள் நுழைய முடிந்தவன் மாணவன், முடியாதவன் பயனாளி. 2012-இல் மத்திய சர்க்காரின் சமூக நீதி அமைச்சகத்துக்குள் இவர்களுக்கென்றே தனி இலாகா வந்தது. 2014-இல் அதன் பெயர் மாறியது. தனி இலாகாவால் லாபம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அது இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் மற்ற இலாகாக்கள் எல்லாம் அங்கே விரலை நீட்டிவிட முடியும்.

இந்த இடத்தில் இப்பத்திரிகையின் வாசகருக்குக் காஃப்கா ஞாபகம் வரும். எனக்கும் வந்தது. கூடவே, அப்படி ஞாபகம் வருவது ஒரு சௌகரியமோ என்ற சந்தேகமும். முகமற்ற யந்திரம் என்று சொல்லிவிட்டால் அதில் நம் முகம் இல்லை என்றாகிவிடுகிறது.

சில வருஷங்களுக்கு முன் என் கவுண்டருக்கு ஒரு அம்மாள் மகனோடு வந்தாள். மகனுக்கு இருபது வயதுக்கு மேல் இருக்கும், மனவளர்ச்சிக் குறை. அவன் பெயரில் உள்ள கணக்கைத் தான் நடத்த வேண்டும் என்றாள். பதினெட்டு முடிந்தவனுக்குத் தாய் தானாகவே கார்டியன் ஆகிவிட முடியாது. 1999-ஆம் வருஷத்துச் சட்டப்படி, கலெக்டர் இடம்பெறும் கமிட்டி நியமிக்க வேண்டும். சர்ட்டிபிகேட் வாங்கி வரச் சொன்னேன்.

"ரெண்டு தடவ அலஞ்சுட்டேன் சார். பாங்க்ல போய்க் கேளுன்னுதான் அனுப்பிச்சாங்க."

"இது எங்க வேலை இல்லம்மா" என்றேன்.

நான் சொன்ன விதி சரியானதுதான். அவனைக் காப்பதற்காக ஏற்பட்ட விதி. என்னை உறுத்துவது அதுவல்ல. அந்த வாக்கியத்தைச் சொன்னவுடன் எனக்குள் உண்டான நிம்மதி. ஒரு எண்ட்ரியை சஸ்பென்ஸில் தள்ளிவிட்ட நிம்மதி. அந்த நேரம் முழுவதும் பையன் ஒரு செலானை எடுத்து, கட்டத்துக்கு வெளியே போகாமல் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு கோடு போட்டுக்கொண்டிருந்தான். அவன் பெயரைக்கூட நான் அம்மாவிடம்தான் கேட்டேன்.

அவர்கள் திரும்ப வரவில்லை. இலாகாக்கள் இன்னும் எத்தனை முறை மாறினாலும், கடைசியில் யாரோ ஒருவன் ஒரு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பான். என்ன சட்டம், எந்தக் கமிட்டி, என்ன விண்ணப்பம் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் அன்று நான் எழுதித் தந்திருக்கலாம். எனக்கு அதெல்லாம் தெரியும். ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும்.