ஆடியும் மாலைமாற்றும்

சமதள ஆடியில் 30 பாகையில் விழும் ஒளி 30 பாகையிலேயே திரும்பும். இது அறிவியல் வகுப்பு. அடுத்த மணி கணக்கு: நெடுக்கு அச்சை ஆடியாக வைத்தால் (3, 2) என்ற புள்ளி (−3, 2) ஆகிவிடும். இரண்டுக்கும் உள்ள உறவைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமலே விட்டுவிடுகிறோம். அது எனக்குப் பெரிய இழப்பாகப் படுகிறது.

தமிழாசிரியருக்கும் இதில் பங்குண்டு. ‘விகடகவி’யைக் கடைசி எழுத்திலிருந்து படித்தாலும் விகடகவிதான். பாட்டு முழுவதும் இப்படி அமைந்தால் அது மாலைமாற்று. திருஞானசம்பந்தர் அந்த அமைப்பில் ஒரு பதிகமே பாடியிருக்கிறார், அதுவும் ஏழாம் நூற்றாண்டில்!

இனி அந்தச் சொல்லைத் தாளில் எழுதி, கண்ணாடி முன் பிடிக்கச் சொல்லுங்கள். ‘விகடகவி’ அங்கே விகடகவியாகத் தெரியாது. மாலைமாற்றில் வரிசை மட்டுமே திரும்புகிறது. கண்ணாடியோ ஒவ்வொரு எழுத்தையும் இடம்வலமாகப் புரட்டிவிடுகிறது. ‘ப’ மட்டும் ஏறக்குறைய அப்படியே நிற்கும். அதன் நடுவே ஒரு கோடு கிழித்துப் பார்க்கும் பிள்ளைக்குக் கணக்குப் புத்தகத்தின் சமச்சீர்க் கோடு அங்கேயே அகப்பட்டுவிடும். வேறெந்த எழுத்தெல்லாம் இப்படி நிற்கும் என்று தேட அவர்களுக்கு ஒரு பாடவேளை முழுவதையும் கொடுங்கள்.