பிறநாட்டில் மலிவாய் வாழ்தல்: ஓர் அறவியல் நோக்கு

சிக்கனம் எல்லாச் சமூகங்களும் போற்றி வந்துள்ள ஒரு நற்பண்பு. வரவறிந்து செலவு செய்பவனை உலகம் மதிக்கின்றது. ஆயின், அப்பண்பின் பெயரைத் தாங்கிக்கொண்டு வேறொரு வாழ்க்கைமுறையும் இன்று பரவியுள்ளது. செல்வ நாடொன்றிற் பெறும் ஓய்வூதியத்தையோ ஊதியத்தையோ கொண்டு விலைகுறைந்த நாடொன்றிற் குடியேறி, மாதந்தோறும் சிறுதொகை செலவிட்டு, தாய்நாட்டில் எட்டாத வசதிகளோடு வாழ்வதே அது. இதனைச் சிக்கனம் என்று கூறுதல் பொருந்துமா? இது தவறான செயலா? தவறன்றாயின், இவ்வாறு வாழ்பவருக்குத் தனியே ஒரு கடமை உண்டா? இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாழ்க்கைமுறை புதியதன்று. முதலாம் உலகப் போருக்குப் பின் ஐரோப்பிய நாணயங்கள் வீழ்ச்சியடைந்தபோது அமெரிக்கர் பலர் பரிஸ் நகரிற் குடியேறினர். அவர்களுள் ஒருவரான ஏர்னஸ்ட் ஹெமிங்வே, ஆண்டுக்கு ஆயிரம் டொலருடன் அங்கு வசதியாக வாழலாம் என 1922இல் டொரொன்ரோப் பத்திரிகையொன்றுக்கு எழுதினார். அவரே அவ்வாண்டின் பிற்பகுதியில், பிரான்சின் எல்லையைக் கடந்து ஜேர்மனியின் கேல் என்னும் சிற்றூருக்குச் சென்றுவந்த அநுபவத்தையும் எழுதினார். அங்கே அவர் 12 மார்க் கொடுத்துச் சில அப்பிள் பழங்கள் வாங்கினார். அமெரிக்க நாணயத்தில் அது இரண்டு சதத்துக்கும் குறைவு. அருகில் நின்ற வெண்தாடி முதியவர் ஒருவர் தயங்கியவாறு விலையைக் கேட்டறிந்து, அது தம்மால் இயலாதது எனத் தலையசைத்துச் சென்றார். அவருக்குச் சில பழங்களைக் கொடுத்திருக்கலாமே என்ற வருத்தத்தையும் ஹெமிங்வே மறைக்கவில்லை.

இந்நிகழ்ச்சியில் எவரும் எவரையும் ஏமாற்றவில்லை. விற்றவர் கேட்ட விலையைப் பெற்றார்; வாங்கியவர் அதனைக் கொடுத்தார். எனினும், வாங்கியவர் உள்ளத்தில் ஒரு கூச்சம் எஞ்சிற்று. அக்கூச்சத்தின் காரணம் யாது? நாணயம் இயற்கையால் அன்றி வழக்காற்றாலேயே மதிப்புப் பெறுகின்றது என்றார் அரிஸ்டோட்டில். அவ்வழக்காறு ஒருவனை உயர்த்தி மற்றவனைத் தாழ்த்தும்போது, உயர்ந்தவன் தன் நிலையைத் தன் தகுதியால் வந்ததெனக் கருத இயலாது. பழத்தைக் கையிலேந்தி நின்றவரின் கூச்சம் இவ்வறிவிலிருந்தே பிறந்தது எனலாம்.

இன்றைய நிலையை விளக்க ஈக்குவடோர் நாட்டின் குவெங்கா நகரை எடுத்துக்கொள்வோம். அந்தீஸ் மலைத்தொடரில் ஏறத்தாழ 2,500 மீற்றர் உயரத்தில், நான்கு ஆறுகள் பாயும் நகர் அது. அதன் பழைய பகுதி 1999இல் யூனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. அமெரிக்க முதியோர் பலர் இங்கு குடியேறியுள்ளனர். கணவனும் மனைவியும் மாதம் 1,500 முதல் 2,000 டொலருக்குள் இங்கு நன்றாக வாழலாம் என வழிகாட்டி நூல்கள் பல கூறுகின்றன. அந்நாட்டிற் சட்டம் விதித்த அடிப்படை மாத ஊதியமோ 2025இல் 470 டொலராகவே இருந்தது. ஓய்வூதியம் பெறும் அந்நியர் வதிவிட அநுமதி பெற வேண்டுமாயின், அவ்வூதியத்தின் மும்மடங்கு வருமானத்தைக் காட்டவேண்டும். அமெரிக்கர் எளிய வாழ்வெனக் கருதும் வாழ்வின் அடிமட்டம், அவ்வூர்த் தொழிலாளியின் வாழ்வைப்போல மூன்று மடங்கில் அமைவதைச் சட்டமே ஏற்றுக்கொள்கின்றது.

இங்கு கவனிக்கவேண்டிய ஓர் உண்மை உண்டு. ஈக்குவடோர் 2000ஆம் ஆண்டில் தன் நாணயமான சுக்ரேயைக் கைவிட்டு அமெரிக்க டொலரையே ஏற்றுக்கொண்டது. ஆகவே, கேல் நகரிற் போல, நாணயமாற்று வீதத்தின் மீது இங்கு பழிபோட முடியாது. அதே தாள்தான் இங்கும் அங்கும் வழங்குகின்றது. அவ்வாறாயின் மலிவாயிருப்பது எது? இறக்குமதி செய்யப்படும் மோட்டார் வண்டியோ மின்கருவியோ மலிவன்று. தீர்வையினால் அவற்றின் விலை பெரும்பாலும் அமெரிக்க விலையினும் கூடியது. மலிவாயிருப்பது மனித உழைப்பே. முடிதிருத்துபவரின் ஒரு மணி, பல் வைத்தியரின் ஒரு மணி, வீட்டுவேலை செய்யும் பெண்ணின் ஒரு நாள், சந்தைக்கு மரக்கறி கொண்டுவரும் உழவனின் ஒரு பருவம் என்பனவே குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. மலிவான நாடு என்று ஒன்றில்லை. குறைவாக மதிக்கப்படும் மனிதர் வாழும் நாடே உண்டு.

அவர்கள் ஏன் குறைவாக மதிக்கப்படுகின்றனர்? திறமைக் குறைவு காரணமன்று. குவெங்காவின் முடிதிருத்துநர் ஈக்குவடோர் மக்கள் பெருந்தொகையினராக வாழும் நியூ யோர்க்கின் குவீன்ஸ் பகுதிக்குச் சென்று, அதே கத்தரிக்கோலால் அதே வேலையைச் செய்வாராயின், அவரது ஒரு மணி பன்மடங்கு விலைபெறும். இடையில் நிற்பது எல்லைக்கோடு ஒன்றே. அதனைக் கடக்க முயன்றோரின் வரலாறு இந்நகருக்கு நன்கு தெரியும். பனாமாத் தொப்பி என உலகம் வழங்கும் தொப்பி உண்மையில் ஈக்குவடோரில், குவெங்காவைச் சூழ்ந்த கிராமங்களிலும் பின்னப்படுவது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அதற்கான அமெரிக்கச் சந்தை சரிந்தபோது அக்கிராமத்தவர் நியூ யோர்க் நோக்கிப் புறப்படலாயினர். 1999ஆம் ஆண்டின் வங்கி நெருக்கடியின் பின் இலட்சக்கணக்கானோர் ஸ்பெயினுக்கும் அமெரிக்காவுக்கும் சென்றனர். 2003இல் ஸ்பெயின் அவர்களுக்கு வீசாவைக் கட்டாயமாக்கியது. அண்மை ஆண்டுகளிற் பல்லாயிரவர் பனாமாவின் டாரியன் காட்டைக் கால்நடையாகக் கடந்து வடக்கே சென்றனர். அமெரிக்கரோ வீசாவின்றி வந்து தொண்ணூறு நாள் தங்கலாம். ஒரே வழியில் இரு திசைப் பயணங்கள்; ஒன்றுக்கு ஓய்வு என்று பெயர், மற்றதற்குக் குற்றம் என்று பெயர்.

இதனால் அம்முதியோரைச் சுரண்டுவோர் எனத் தூற்றுதல் நேர்மையாகுமா? அவ்வாறு கூறுவதற்கில்லை. அவர்களுட் பலர் செல்வரல்லர். அமெரிக்காவின் வாடகையும் மருத்துவச் செலவுமே அவர்களை வெளியே தள்ளின. முதியோர்க்கான அரச மருத்துவக் காப்புறுதி பொதுவாக அந்நாட்டு எல்லைக்கு அப்பாற் செல்லாது. அதனை இழந்தும் அவர்கள் செல்கின்றனர் என்றால் அந்நெருக்குதல் எத்தகையது என்பதை உணரலாம். மேலும், அவர்கள் செலவிடும் பணம் அவ்வூர்க் கடைக்காரரையும் கைவினைஞரையும் சென்றடைகின்றது. பல பொருள்களை வாங்கும்போது நூற்றுக்கு 15 வீதமான விற்பனை வரியையும் அவர்கள் செலுத்துகின்றனர். அவர்கள் வாராதிருந்தால் முடிதிருத்துநரின் மணிக்கு விலை கூடிவிடப்போவதில்லை. இவ்வாதங்கள் வலுவுள்ளவை.

ஆயினும், இவை ஒரு பகுதியை விட்டுவிடுகின்றன. உழைப்பைப் போல நிலமும் வீடும் வேண்டுமளவிற் பெருகுவனவல்ல. ஒரே வீட்டுக்கு இரு கைகள் நீளும்போது கனத்த கையே வெல்லும். போருக்கு முன் ஒரு டொலருக்கு ஏறத்தாழ ஐந்தாயிருந்த பிரெஞ்சுப் பிராங்க் 1926 ஜூலையில் ஐம்பதை நெருங்கியபோது, பரிஸ் மக்கள் அந்நியப் பயணிகளின் வண்டிகளைச் சூழ்ந்து ஏளனஞ் செய்தனர். சரியாக 99 ஆண்டுகளின் பின், 2025 ஜூலையில், மெக்சிக்கோ நகரில் வாடகை உயர்வினால் வெளியேற்றப்பட்டோர் அந்நியக் குடியேற்றத்துக்கு எதிராக வீதியில் இறங்கினர். தனிமனிதர் எவரும் தீங்கு நினைக்காத போதும் பலரது நற்பேறு ஒன்றுசேர்ந்து பிறர்க்குத் தீங்காதல் கூடும் என்பதற்கு இவை சான்றுகள்.

ஜேர்மனிய மெய்யியலாளர் கான்ற், 1795இல் வெளியிட்ட நிலையான சமாதானம் பற்றிய நூலில், பூமியின் மேற்பரப்பு மக்கள் யாவர்க்கும் பொது என்பதால், அந்நிய மண்ணிற் கால்வைக்கும் எவரும் பகைவராக நடத்தப்படாதிருக்கும் உரிமை உடையவர் என்றார். ஆனால், விருந்தினராக நிலைத்துத் தங்குதற்குத் தனியான இணக்கம் வேண்டும் என்றும் வரையறுத்தார். வதிவிட அநுமதி அவ்விணக்கத்தின் சட்ட வடிவம் மட்டுமே. அதன் அறவடிவம் யாது? திருவள்ளுவர் ஒப்புரவறிதலை ஓரதிகாரத்திலும் ஈகையை அடுத்த அதிகாரத்திலும் வைத்தார். ஈகை இல்லாதவர்க்கு இரங்கிக் கொடுப்பது. ஒப்புரவோ தான் வாழும் ஊரின் இயல்பறிந்து, அதற்குத் தான் கடப்பாடுடையவன் என உணர்ந்து ஒழுகுவது. மலிவாக வாழவந்தவர் ஊராருக்குக் கொடுக்கும் நன்கொடை ஈகையாகலாம். ஆனால் அவரிடம் வேண்டப்படுவது ஒப்புரவே.

அவ்வொப்புரவு மூன்று வகையில் வெளிப்படும். முதலாவது, உழைப்பை வாங்கும்போது சந்தை இறங்கும் அடிமட்டத்தைத் தேடாமை. இரண்டாவது, அவ்வூர் மொழியைக் கற்று, அயலாரின் சுகதுக்கங்களிற் பங்குகொண்டு, வேலியிட்ட தீவாக வாழாமை. மூன்றாவது, யாவற்றினும் கடியது. அமெரிக்கர் எங்கு வாழினும் தம் நாட்டுத் தேர்தலில் வாக்களிக்கலாம். எல்லை தமக்குத் திறந்திருப்பதால் வாழ்பவர், அதே எல்லையைத் தமக்குச் சோறாக்குபவளின் மகனுக்கு மூடுமாறு வாக்களித்தல் அறமாகாது. முதலிரண்டையும் செய்து மூன்றாவதை மறப்பவர் நல்ல விருந்தினர், நீதிமான் அல்லர்.

இவ்வினா நமக்கும் அந்நியமானதன்று. 2022இல் சில வாரங்களுக்குள் டொலரின் விலை ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவை எட்டியபோது, இலண்டனிலிருந்தும் டொரொன்ரோவிலிருந்தும் விடுமுறையில் வந்த நம் உறவினர் எல்லாம் மலிவு என்று மகிழ்ந்த அதே கடையில், பால்மாவின் விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பிய தாய்மாரும் நின்றனர். அங்கே இரவு வேலை செய்து குறைவாக மதிக்கப்படுபவரே இங்கே மலிவை அநுபவிப்பவராகவும் மாறுகின்றார். ஒருவரே கேல் நகரின் இரு மனிதராகவும் இருந்து பார்க்கும் வாய்ப்பு நம்மவர்க்கு வாய்த்துள்ளது. அதனால் நம் பொறுப்பும் கூடுகின்றது.

எனவே, பிறநாட்டில் மலிவாய் வாழ்தல் குற்றமன்று, சிக்கனமும் அன்று. சிக்கனம் தன் தேவையைத் தான் குறைப்பது. இதுவோ பிறர் தம் தேவைகளைக் குறைத்து வாழ்வதால் நமக்குக் கிடைக்கும் வசதி. அதனைப் பெறுபவர் வெட்கித் தலைகுனிய வேண்டியதில்லை. ஆனால் கடன்பட்டவர் என்பதை மறத்தலும் ஆகாது. பழத்துக்குரிய காசைக் கொடுத்தாயிற்று. தலையசைத்துச் சென்ற முதியவருக்குரியது இன்னும் கொடுக்கப்படவில்லை.