எறும்பு ராணிக்கு எத்தனை வயது?

பள்ளியில் கொடுத்த தாளில் ஏறக்குறைய எல்லாக் கட்டங்களையும் பேத்தி நிரப்பியிருந்தாள். வளர்ப்பது: எறும்பு. உணவு: தேன் கலந்த தண்ணீர், பழ ஈ. இருப்பிடம்: ஃபிரிட்ஜில் காய்கறித் தட்டு. 'வயது' என்ற கட்டம்தான் பாக்கி. "ராணிக்கு எத்தனை வயசு, தாத்தா?" என்று கேட்டாள். "அஞ்சு" என்றார். பென்சிலைத் தாளில் ஊன்றியவள் எழுதாமல் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஃபிரிட்ஜுக்குள்ள இருந்த மாசத்தையும் சேர்த்தா?"

ஜெர்மனியின் லைப்சிக் நகரம், ஜனவரி மாதம். தாத்தா ஓய்வுபெற்ற மெக்கானிக். இயந்திரக் கணக்கு எதைக் கேட்டாலும் பதில் சொல்லிவிடுகிறவர், இதற்குச் சொல்லவில்லை. பேத்தி கொஞ்ச நேரம் காத்திருந்தாள், பிறகு அந்தக் கட்டத்தை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனாள். வாரங்கள் ஓடியும் அந்தக் காலிக் கட்டம் அவரை விடவில்லை.

அவர் வளர்ப்பது லேசியஸ் நைஜர், ஐரோப்பியத் தோட்டங்களில் எங்கும் தென்படுகிற கறுப்பு எறும்பு. ஜூலையில் புழுக்கமான ஒரு மாலை, இணைசேரப் பறந்துவிட்டுத் தரையிறங்கி இறகை உதிர்த்த ராணி ஒன்றை நடைபாதையில் கண்டு எடுத்துவந்தார். சோதனைக் குழாயின் அடியில் தண்ணீர், அதை அடைக்க ஈரப் பஞ்சு, வாயில் இன்னொரு பஞ்சு. ராணி குடியேற இவ்வளவு போதும். முதல் குஞ்சுகள் வேலைக்காரிகளாகும்வரை அவள் எதையும் தின்பதில்லை. இனி உதவாத இறகுத் தசைகளையே கரைத்துத் தானும் வாழ்ந்து பிள்ளைகளையும் ஊட்டி வளர்க்கிறாள்.

அக்டோபரில் கூட்டின் போக்கு மாறும். வேலைக்காரிகளின் வயிறு கொழுப்பேறிப் பளபளக்கும். கதையில் வரும் எறும்பு தானியத்தைக் களஞ்சியத்தில் சேர்க்கிறது. இந்த எறும்புக்கு உடம்புதான் களஞ்சியம். ராணி முட்டையிடுவதை நிறுத்திவிடுவாள். புழுக்கள் வளராமல் இருந்த அளவிலேயே நின்றுவிடும். அப்போது குழாயைத் துணியில் சுற்றி, 5 முதல் 8 பாகை வரை குளிருள்ள இடத்தில் வைத்து, பிப்ரவரி முடியவோ மார்ச்சிலோ வெளியே எடுப்பது வளர்ப்பவர்களின் வழக்கம். இடையில் பார்க்க வேண்டியது பஞ்சில் ஈரம் இருக்கிறதா என்பதைத்தான். ஃபிரிட்ஜின் உலர்ந்த காற்று தண்ணீரைக் குடித்துவிடும். குளிரைத் தாங்குகிற கூடு வறட்சியில் மடிந்துபோகும்.

பாவம், குளிருமே என்று கூட்டைச் சூடான அறையிலேயே வைத்துக்கொள்கிறவர்களும் உண்டு. ஐரோப்பியத் தச்செறும்புகளிடம் அந்தக் கருணை செல்லாது. அறை எவ்வளவு கதகதப்பாக இருந்தாலும் இலையுதிர் காலத்தில் அவை தாமாகவே மந்தமாகிவிடும். அவற்றின் காலண்டர் உடம்புக்குள்ளேயே ஓடுகிறது. குளிரே காணாத கூட்டில் அடுத்த ஆண்டு முட்டை குறையும், கூடு மெலியும். வசந்தத்தில் நன்றாக முட்டையிட வேண்டுமானால் ராணி முதலில் குளிரைக் கடந்தாக வேண்டும். அப்படியென்றால் பேத்தி சந்தேகப்பட்ட மாதங்கள் எப்படி வெறும் மாதங்களாகும்?

இதை யோசிக்கும்போதெல்லாம் அவருக்கு அப்பாவின் நினைவு வரும். லைப்சிக்குக்கு வடக்கே டியூபன் காட்டில் அப்பாவுக்கு மரம் வெட்டும் வேலை. அந்தக் காட்டில் செவ்வெறும்புகள் ஊசியிலைகளைக் குவித்து, சிறுவனின் இடுப்புயரத்துக்குப் புற்று கட்டும். ஒரு பனிக்காலத்தில் சிறுவன் குச்சியால் அதைக் கிளறப்போக, அப்பா கையைப் பிடித்துக்கொண்டார். "மேல ஒண்ணுமில்லடா. எல்லாம் கீழ மண்ணுக்குள்ள இருக்கு" என்றார்.

மார்ச்சில் அப்பா மறுபடி அங்கே கூட்டிப்போனார். புற்றின் உச்சியில் வெயில் விழுந்த இடத்தில் ஆயிரக்கணக்கான எறும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து, அந்த இடமே கருத்துத் தெரிந்தது. வெயிலில் உடம்பைச் சுடவைத்துக்கொண்டு உள்ளே போய் அந்தச் சூட்டைக் கூட்டுக்குள் விட்டுவிட்டு மறுபடி மேலே வருகின்றன என்பதை அவர் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டார். அன்று அப்பா விளக்கம் எதுவும் சொல்லவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றார்.

எறும்புகளைப் பற்றி அவர் படித்தவற்றில் பாதி மறந்துவிட்டது. ஜான் லப்பக் மறக்கவில்லை. இங்கிலாந்தில் வங்கி முதலாளியாகவும் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தவர். 1871இல் வங்கி விடுமுறைச் சட்டத்தைக் கொண்டுவந்து, வேலை செய்யாத சில நாட்களுக்குச் சட்டத்திலேயே இடம் வாங்கிக்கொடுத்தார். அதே மனிதர் வீட்டில் இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே மண்ணை நிரப்பி எறும்பு வளர்த்தார். 1874இல் அவரிடம் வந்த ஒரு ராணி 1888 வரை உயிரோடு இருந்தது. மஞ்சள் எறும்புகள் அக்டோபரில் அசுவினிப் பூச்சியின் முட்டைகளைக் கூட்டுக்குள் கொண்டுபோய், குளிர்காலம் முழுக்கப் பாதுகாத்து, மார்ச்சில் பொரிந்த குஞ்சுகளை வெளியே செடியில் கொண்டுவந்து விடுவதையும் அவர் கண்டு எழுதினார். உடனே பயன் தராத முட்டைகளை அரை வருடம் காப்பது சும்மா இருப்பதில் சேருமா?

தாத்தாவை அதிகமாகத் தொல்லைப்படுத்துவது இன்னொரு செய்தி. ஹெர்மன் ஆப்பெல் என்ற ஜெர்மானியர் வளர்த்த லேசியஸ் நைஜர் ராணி ஒன்று 28¾ வருடம் வாழ்ந்தது. 1969இல் குட்டர், ஸ்டும்பர் என்ற இரு ஆய்வாளர்கள் எழுதிப் பதிந்துவைத்த கணக்கு இது. தாத்தா வீட்டுக் குழாயில் இருப்பதும் இதே இனம்தான். வருடங்களைக்கூட அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த முக்கால்தான் மனதில் தைத்தது. கால் கால் வருடமாக எண்ணிய கணக்கு அது. அதில் குளிர்காலத்தைக் கழிக்கவில்லை. கழித்துப் பார்த்தால் ஏறக்குறைய பாதி போய்விடும்.

கழிக்கச் சொல்பவர்கள் பக்கமும் அறிவியல் இருக்கிறது. 1917இல் ஜாக் லோபும் ஜான் நார்த்ரப்பும் பழ ஈக்களை வெவ்வேறு வெப்பநிலையில் வளர்த்துப் பார்த்தார்கள். 30 பாகையில் மூன்று வாரம் அளவில் முடிந்த ஆயுள், 20 பாகையில் ஏழு வாரத்தைத் தாண்டியது. குளிர் கூடினால் உடம்பின் வேதிவினைகள் நிதானமாகும், முதுமையும் தாமதமாக வரும். இப்படிப் பார்த்தால் ஃபிரிட்ஜில் போன ஒரு மாதம் ராணியின் உடம்புக்கு ஒரு மாதமே அல்ல. பேத்தியின் சந்தேகத்துக்கு நியாயம் இருக்கிறது.

இதே கணக்கை அவர் தன் மேலும் போட்டுப் பார்த்திருக்கிறார். 1990க்குப் பிறகு கிழக்கு ஜெர்மனியின் தொழிற்சாலைகள் அடுத்தடுத்து மூடின. லைப்சிக்கின் தெற்கே பழுப்பு நிலக்கரியை நம்பியிருந்த ஊர்களில் வேலை போன வீடுகள் வரிசையாக இருந்தன. அவருக்கும் வேலை போயிற்று. பயிற்சி வகுப்பு, தற்காலிக வேலை, மறுபடி வேலையில்லாமல் வீடு என்று வருடங்கள் போயின. காலையில் எழுந்து முகம் மழித்துக்கொண்டு எங்கும் போகாமல் உட்கார்ந்திருப்பார். மகளுக்கு அப்போது பேத்தியின் வயது. அவளைப் பள்ளிக்கு நடத்திக் கூட்டிப்போனதும், மிதிவண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் அந்த வருடங்களில்தான். ஆனால் யாராவது "அப்புறம் என்ன செய்தீங்க?" என்று கேட்டால் அந்தக் காலத்தைத் தாண்டி அடுத்த வேலைக்குப் போய்விடுவார்.

ஜெர்மனியில் ஓய்வூதியம் கணக்கிடும்போது வேலையின்மை உதவித்தொகை வாங்கிய காலமும் சேர்க்கப்படுகிறது. அரசாங்கம் எண்ணிக்கொண்டதை அவரால் எண்ண முடியவில்லை.

எறும்பைக் காட்டி மனிதனுக்குப் பாடம் சொல்லும் பழக்கம் அவருக்குப் பிடிக்காது. ராணி தன் குளிர்காலத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை, அது அவள் உடம்பிலேயே எழுதியிருக்கிறது. மூடிய தொழிற்சாலை எவர் உடம்பிலும் எழுதியிருந்ததல்ல, யாரோ எடுத்த முடிவு. ராணிக்குக் குளிர் முடிந்தால் முட்டை உண்டு. அவரோடு வேலையிழந்தவர்களில் எத்தனையோ பேருக்கு அப்படி ஒரு மார்ச் வரவே இல்லை. ஓய்வையும் ஒதுக்கப்பட்டதையும் ஒரே பெயரால் அழைக்க அவர் மனம் ஒப்புவதில்லை.

இருந்தும், மகளோடு நடந்த அந்தக் காலைகளைக் கழித்துவிட்டால் மிச்சம் நிற்பது அவருடைய வயதாக இருக்காது என்றும் தோன்றுகிறது. அப்படித் தோன்றுவது உண்மையாக இருப்பதாலா, அத்தனை வருடங்களை இழந்ததாக ஒப்புக்கொள்ள மனம் வராததாலா? எறும்பைப் பொறுத்தவரை அவர் சேர்க்கும் பக்கமே சாய்கிறார். தன்னைப் பொறுத்தவரை ஒருநாள் சேர்க்கிறார், மறுநாள் கழிக்கிறார். எது சரி என்று இன்னும் அவருக்குத் தெரியவில்லை.