தூவியும் சான்றும்

மென்மைக்கு உவமை தேடிய திருவள்ளுவர், காமத்துப்பாலில் அனிச்ச மலரோடு அன்னப் பறவையின் தூவியையும் சேர்த்து எண்ணினார். பறவையின் மேலிறகுகளுக்கு அடியில், நெஞ்சையும் வயிற்றையும் ஒட்டி, தண்டின்றிப் பஞ்சுபோல் படர்ந்திருக்கும் நுண்ணிய இறகே தூவி. அன்று காதலியின் அடியைப் போற்ற உதவிய அச்சொல்லுக்குரிய பொருள், இன்று உலக வாணிகத்தில் மூட்டை மூட்டையாக விலைபோகும் சரக்காகவும் ஆகிவிட்டது. வடபுலத்துக் குளிரில் வாழ நேர்ந்த நம்மவர்க்கு இச்சரக்கு முற்றிலும் புதிதன்று. பஞ்சு ரஜாயும் கம்பளிச் சட்டையும் போதுமென்றிருந்த வீடுகளிலும், மலைப் பயணத்துக்கென்றும், கனடாவுக்குப் படிக்கப் போகும் பிள்ளைக்கென்றும், கையிலெடுத்தால் கனமே தெரியாத தூவி மேலங்கிகள் வாங்கப்படுகின்றன.

அத்தகைய மேலங்கிகள் சிலவற்றில் சிறு சீட்டு ஒன்று இணைக்கப்பட்டிருக்கும். இதிலுள்ள தூவி பறவையை வதைக்காமல் பெறப்பட்டது, அது வந்த வழி முழுவதும் தணிக்கை செய்யப்பட்டது என்னும் பொருள்பட அதில் எழுதியிருக்கும். துணியின் அளவுக்கும் சாயத்தின் உறுதிக்கும் சான்று வழங்குவதை நாம் அறிவோம். கருணைக்கும் சான்றிதழ் வழங்க இயலுமா? வழங்கினால், அதை வாங்கி அணிபவனின் அறக்கடமை அத்தோடு தீர்ந்துவிடுமா? இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வதையின் வழிகள்

தூவி பெரும்பாலும் வாத்திலிருந்தும், அதன் பெரிய உறவினமாகிய கூஸ் வாத்திலிருந்தும் கிடைக்கிறது. இறைச்சிக்காகக் கொல்லப்பட்ட பறவையின் இறகைப் பிரித்தெடுப்பதே பெருவழக்கு. ஆயினும் வேறொரு வழக்கமும் உண்டு. கூஸ் வாத்தின் இறகு பறித்தால் மீண்டும் முளைக்கும். ஆகவே, அதைக் கொல்லாமல், உயிரோடு பிடித்துக் கால்களுக்கிடையே இடுக்கிக்கொண்டு, நெஞ்சிலுள்ள தூவியைப் பிடுங்கியெடுத்து, சில வாரங்கள் கழித்து முளைத்ததை மீண்டும் பிடுங்குவர். 2009ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டுத் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்று ஹங்கேரிப் பண்ணைகளில் இது நடந்த விதத்தைக் காட்டியபோது, ஐரோப்பிய மக்கள் தம் தலையணையைத் தாமே ஐயத்தோடு நோக்கத் தொடங்கினர்.

இறகு தானே உதிரும் பருவத்தில் சீவியெடுத்தால் வலி இராது என்று வாணிகர் வாதிட்டனர். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010இல் இதனை ஆராய்ந்தது. உதிரும் இறகை எடுப்பது வேறு, உதிராத இறகைப் பிடுங்குவது வேறு என்று அது பிரித்துக் காட்டியது. ஆனால் ஒரு மந்தையிலுள்ள எல்லாப் பறவைகளுக்கும் ஒரே நாளில் இறகு பழுப்பதில்லை. எனவே விரைவும் எண்ணிக்கையும் ஆளும் பண்ணையில் உதிராத இறகும் சேர்ந்தே பிடுங்கப்படும் என்பதையும் அது மறைக்கவில்லை.

இரண்டாவது கொடுமை, குழாய் வழியே தீனியைத் தொண்டைக்குள் திணித்து ஈரலைப் பெருக்கச் செய்வது. ‘ஃபுவா கிரா’ என்னும் பிரெஞ்சு உணவுக்காக இது செய்யப்படுகிறது. அவ்வுணவின் இறக்குமதியை இந்திய அரசு 2014 ஜூலையில் தடை செய்தது. ஈரல் உணவுமேடைக்குப் போக, அப்பறவையின் தூவி சட்டைக்குள் போகும். பட்டகோனியா என்னும் அமெரிக்க ஆடை நிறுவனத்தின் மீது, வியன்னாவைத் தலைமையிடமாகக் கொண்ட ‘ஃபோர் பாஸ்’ என்னும் விலங்குநல அமைப்பு குற்றம் சாட்டியது. நிறுவனம் தன் சரக்கு வந்த வழியைத் தேடிச் சென்றபோது, தான் வாங்கிய ஹங்கேரித் தூவி அவ்வாறு தீனி திணிக்கப்பட்ட பறவைகளுடையது என்று கண்டு, அதனை வெளிப்படையாகவும் ஒப்புக்கொண்டது.

சிலம்பும் தூவியும்

இங்கே நம் காப்பியம் ஒன்று நினைவுக்கு வருகிறது. பாண்டியன் அவையில் கண்ணகி தன் சிலம்பை உடைத்தாள். அரசியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். உண்மை பொருளுக்குள்ளேயே இருந்தது. உடைத்தவுடன் வெளிப்பட்டது.

தூவிக்கு அந்த வாய்ப்பில்லை. ஓர் அவுன்ஸ் தூவி எத்தனை கன அங்குலம் உப்பி நிற்கிறது என்று ஆய்வுக்கூடத்தில் அளக்கலாம். வாத்தா, கூஸா என்று பிரித்தறியலாம். தூய்மையைச் சோதிக்கலாம். ஆனால் உயிரோடு பிடுங்கிய தூவியும், இறந்த பறவையின் தூவியும் தைத்து முடிந்த சட்டைக்குள் ஒன்றுபோலவே வெதுவெதுப்பளிக்கும். வலி பொருளில் தங்குவதில்லை. உண்மை பொருளுக்குள் இல்லாதபோது அதனை யாரிடம் கேட்பது? உடனிருந்து கண்டவனிடம்தான் கேட்க வேண்டும். ஆகவே தூவியைப் பொறுத்தவரை அறம் என்பது பரிசோதனையால் அறியப்படுவதன்று, சாட்சியத்தால் அறியப்படுவது. சான்றிதழின் தேவை பிறக்கும் இடம் இதுவே.

அண்மையும் தொலைவும்

சாட்சியே தேவைப்படாத ஓரிடமும் உலகில் உண்டு. ஐஸ்லாந்தின் கடற்கரைகளில் ஈடர் என்னும் காட்டு வாத்து கூடு கட்டுகிறது. முட்டைகளுக்குக் கதகதப்பாக இருக்கத் தன் நெஞ்சுத் தூவியைத் தானே கூட்டில் பரப்புகிறது. நரியும் மிங்க் என்னும் கீரிபோன்ற விலங்கும் அணுகாதபடி குடியானவர் காவல் காக்கின்றனர். அதற்கு ஈடாகக் கூட்டிலிருந்து தூவியை எடுத்துக்கொள்கின்றனர். பறவை அஞ்சிப் போய்விட்டால் அடுத்த ஆண்டு வருவாயில்லை. அங்கே கருணையும் வாணிகமும் ஒரே பாதையில் நடக்கின்றன. அந்நாட்டுச் சட்டப்படி உரிமம் பெற்ற மதிப்பீட்டாளர் ஈடர் தூவியைச் சோதித்த பின்னரே அது விற்பனைக்கு வரவேண்டும். எனினும் அச்சோதனை தரத்தைப் பற்றியதே. பறவையிடம் காட்டிய பரிவுக்கு, ஆண்டுதோறும் திரும்பி வரும் பறவையே சாட்சி.

ஆனால் ஒரு கிலோ தூவிக்கு ஏறத்தாழ 60 கூடுகள் வேண்டும். அந்நாடு முழுவதும் ஓராண்டில் திரட்டுவது சில ஆயிரம் கிலோவே. உலகத்தின் குளிரை அது போக்காது. உலகுக்கு வேண்டிய தூவியில் பெரும்பகுதி சீனாவிலிருந்து வருகிறது. அங்கே பெரும் பண்ணைகளும் உண்டு, கொல்லைப்புறத்தில் சில வாத்துகளை வளர்க்கும் ஏழைக் குடும்பங்களும் உண்டு. அவர்கள் வீட்டிலிருந்து இறகு சிறு வியாபாரியின் கோணிக்குப் போகிறது, பிறகு பெரிய வியாபாரிக்கு, பிறகு கழுவும் ஆலைக்கு, பிறகு தையற்கூடத்துக்கு. ஒவ்வொரு கையிலும் சரக்கு கலக்கிறது, செய்தி குறைகிறது. அண்மை அறுந்த இடத்தில் அதற்குப் பதிலாக வந்து நிற்பதுதான் தாள்.

சங்கிலி

‘தி நார்த் ஃபேஸ்’ என்னும் நிறுவனம், ‘டெக்ஸ்டைல் எக்ஸ்சேஞ்ச்’ என்னும் அமைப்போடும் ‘கன்ட்ரோல் யூனியன்’ என்னும் தணிக்கை நிறுவனத்தோடும் சேர்ந்து உருவாக்கிய ‘பொறுப்புள்ள தூவித் தரநெறி’ 2014 ஜனவரியில் வெளியிடப்பட்டது. உயிரோடு பிடுங்குதலையும் தீனி திணித்தலையும் அது விலக்கியது. பண்ணை, கொலைக்கூடம், கழுவும் ஆலை, தையற்கூடம் என ஒவ்வொரு நிலையும் தணிக்கைக்கு உட்பட வேண்டும் என்றது. சான்று பெற்ற தூவியை மற்றதோடு கலவாமல் தனியே வைக்க வேண்டும், சரக்கு கைமாறும்போது பரிமாற்றச் சான்றிதழும் உடன் செல்ல வேண்டும் என்றும் வகுத்தது. கொல்லைப்புற வளர்ப்பு மிகுந்த பகுதிகளில் வீடுவீடாகச் செல்ல இயலாமையால், ஒரு பகுதியையே அலகாகக் கொண்டு மாதிரிக்குச் சில வீடுகளைக் காணும் முறையும் ஏற்பட்டது. பட்டகோனியா நிறுவனமும் தனக்கென ஒரு நெறியை அமைத்து, 2014 முதல் தன் தூவி முழுவதும் வழி அறியப்பட்டதே என அறிவித்தது.

இரு நெறிகளுக்குமிடையே அன்றிருந்த ஒரு வேறுபாடு கருதத்தக்கது. முட்டைக்காக வளர்க்கப்படும் தாய்ப்பறவைகள் பல்லாண்டு வாழ்வன. உயிரோடு பலமுறை பிடுங்கப்படும் ஆபத்தும் அவற்றுக்கே மிகுதி. பட்டகோனியாவின் நெறி தாய்ப்பண்ணை வரை சென்றது. முன்னது தொடக்கத்தில் அதனை அவரவர் விருப்பத்துக்கு விட்டது. சங்கிலி எங்கே தொடங்குகிறது என்பதைத் தீர்மானிப்பதே ஓர் அறத்தீர்ப்பு என்பது இதனால் விளங்கும்.

முத்திரை சொல்வது

இருபதாண்டுகளுக்கு மேலாக மைய அரசு அலுவலகத்தில் கோப்புகளோடு பழகுபவன் என்ற முறையில், முத்திரையின் இயல்பைப் பற்றி ஒரு சொல் கூற விழைகிறேன். நகலின் மீது ‘அசலுடன் ஒப்பிடப்பட்டது’ என்று முத்திரையிடுகிறோம். அதன் பொருள், நகலும் அசலும் ஒத்திருக்கின்றன என்பது மட்டுமே. அசல் மெய்யா பொய்யா என்பதற்கு அம்முத்திரை பொறுப்பேற்பதில்லை. பரிமாற்றச் சான்றிதழும் அத்தகையதே. இத்தனை கிலோ வந்தது, இத்தனை கிலோ சென்றது, கணக்கு ஒத்தது என்று அது கூறும். அசல் இருக்கும் இடம் பண்ணை. அங்கே சென்று கொட்டகைக்குள் நுழைந்து, பறவையைத் தூக்கி, நெஞ்சைத் தடவிப் பார்த்த ஒருவன் இருந்தாலொழிய, கீழே வரும் தாள்கள் அனைத்தும் நகலின் நகல்களே.

அம்மனிதனின் நிலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அவன் ஆண்டில் ஓரிரு நாள் வருபவன். அவனை அனுப்பும் தணிக்கை நிறுவனத்துக்குக் கட்டணம் செலுத்துவது, தணிக்கைக்கு உட்படும் தொழிற்கூடமே. கடுமையாக எழுதினால் அடுத்த முறை வேறு நிறுவனம் அழைக்கப்படலாம். கொட்டகைக்குள் போகாமல் அலுவலக அறையில் தேநீர் அருந்தியபடியே படிவத்தை நிரப்பவும் இயலும். உலகத்தின் நடுவிலே பெரிய நிறுவனங்கள் அறிவித்த கருணை முழுவதும், கடைசியில், பெயர் தெரியாத ஒரு சிற்றலுவலரின் மனச்சான்றின் மீதே நிற்கிறது. சிறு பதவியில் இருப்போர் தம் கையெழுத்தை எளிதாக எண்ணுவது வழக்கம். பேச வாயில்லாத உயிரொன்றின் சார்பில் எழுதப்படும் ஒரே வாக்குமூலம் அக்கையெழுத்துதான் என்பதை உணர்ந்தால், அதன் கனம் தெரியும்.

இரு மறுப்புகள்

கொல்லப்படப் போகும் பறவைக்குக் கருணைச் சான்றா, இது போலி அறம் என்பர் சிலர். இதில் ஓர் உண்மை உண்டு. தூவி இறைச்சித் தொழிலின் உபபொருள். அதனை வாங்குபவன் அத்தொழிலுக்கு ஒரு சிறு பங்கு செலுத்துகிறான். புலால் மறுத்தல் அதிகாரத்தில், தின்பவனையும் விற்பவனையும் ஒரே கயிற்றால் பிணைத்த வள்ளுவர், அணிபவனையும் அக்கயிற்றிலிருந்து எளிதில் விடுவித்திருக்கமாட்டார். கொலையே கூடாது என்று கொண்டோர் தூவியைத் தொடாதிருப்பதே நேர்மை. ஆனால் அக்கொள்கை இல்லாத உலகில், நான்கு முறை பிடுங்கப்படுவதற்கும் ஒரு முறையும் பிடுங்கப்படாததற்கும் உள்ள வேறுபாடு, விவாதிக்கும் நமக்குச் சிறிதாயினும், அந்தப் பறவைக்குச் சிறிதன்று. முழு அறம் இயலவில்லை என்பதற்காகக் குறை அறத்தை இகழ்வது, துன்புறும் உயிருக்கு எவ்வகையிலும் உதவாது.

மற்றொரு சாரார், சான்று இருக்கிறது, பணமும் கொடுத்துவிட்டோம், இனி நமக்கென்ன என்பர். இதுவே அதிக ஆபத்தானது. சான்று சொல்வது, இன்னின்ன கொடுமைகள் செய்யப்படவில்லை என்று காணப்பட்டது என்பதே. பறவை இன்புற்று வாழ்ந்தது என்று அது சொல்லவில்லை. நாம் சேர்த்துக்கொள்ளும் மீதிப் பொருள் நம் மனம் தனக்குத் தானே எழுதிக்கொண்ட சான்றிதழ். பாண்டியன் செய்த பிழை பொற்கொல்லனை நம்பியதன்று, நம்பியபின் வினவாமல் விட்டதே ஆகும். நம்பிக்கையின்றி வாணிகமும் இல்லை, ஆட்சியும் இல்லை. ஆனால் வினவும் உரிமையைக் கைவிட்ட நம்பிக்கை சோம்பலுக்கு இட்ட நற்பெயரே.

ஆகவே சான்றிதழைத் தள்ளவும் வேண்டா, வணங்கவும் வேண்டா. ஒரு சாட்சியின் வாக்குமூலமாக அதனைப் படித்தல் வேண்டும். யார் கண்டார், எதைக் கண்டார், எது வரை சென்றார், கூலி கொடுத்தவர் யார் என்று நான்கு வினா எழுப்பினால், எச்சான்றின் மதிப்பும் தெளிவாகும். 2014இல் அந்நெறிகள் தோன்றியதே, அதற்கு முன் சிலர் விடாது வினவியதால்தான். வாங்குபவர் வினவுவதை நிறுத்தும் நாளில், மிகச் சிறந்த நெறியும் வெறும் படிவமாகச் சுருங்கிவிடும்.

குளிர்காலத்தில் பிள்ளைக்கு நல்லதொரு மேலங்கி வாங்கித் தருவது பெற்றோர் கடன். அதிலுள்ள சீட்டு என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை என்று அப்பிள்ளைக்குப் படித்துக் காட்டுவதும் அக்கடனில் ஒரு பகுதியே என்பது என் துணிபு.