சொன்னவருக்கு என்ன பாதுகாப்பு?

அருப்புக்கோட்டையை அடுத்த பந்தல்குடிப் பக்கத்துக் கரிசல் மண் மழைக்கு உப்பிக்கொள்ளும். கோடையில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். மண் அசைய அசைய, ஆழமில்லாத அஸ்திவாரத்தில் எழுப்பிய சுவரும் விரிசல் விடும். வீடாக இருந்தாலும் பள்ளிக்கூடமாக இருந்தாலும் இதுதான் கதி. அதனாலேயே இந்த வட்டாரத்தில் சுவர் விரிசலை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஐப்பசி மழைக்கு முன் சிமெண்டைக் குழைத்துப் பூசி, வெள்ளையடித்துவிட்டால் அந்த வருசத்துக் கவலை தீர்ந்தது என்று நினைக்கிறார்கள்.

எந்த விரிசல் பூச்சோடு நின்றுவிடும், எது சுவரையே சாய்க்கும் என்பது ஓர் ஆசிரியருக்கோ சத்துணவு சமைக்கும் அம்மாவுக்கோ தெரியாது. உறுதியாகத் தெரியாத ஓர் ஆபத்தை அவர்கள் வாய்விட்டுச் சொல்லித்தான் ஆக வேண்டுமா?

சொன்னால் என்ன நடக்கும் என்பது ஊருக்கே தெரியும். வகுப்பறையைப் பூட்டுவார்கள், பிள்ளைகள் வேப்பமரத்தடிக்கு வருவார்கள். ‘அந்தப் பள்ளிக்கூடம் இடியப்போகுதாம்’ என்று பேச்சு கிளம்பும். வசதியுள்ளவர்கள் வேன் வைத்து அருப்புக்கோட்டைக்கு அனுப்பிவிடுவார்கள். மானாவாரி வெள்ளாமையை நம்பியிருக்கும் வீட்டுப் பிள்ளைகள் மட்டும் மிஞ்சுவார்கள். சேர்க்கை குறைந்த அரசுப் பள்ளியின் எதிர்காலம் எல்லோரும் அறிந்தது. ஒரு தலைமையாசிரியர் இதை நினைத்துத் தயங்கினால், அவரைக் கோழை என்று ஒதுக்கிவிட முடியாது. வரப்போகும் நட்டம் நிச்சயம், ஆபத்தோ சந்தேகம் என்று கணக்குப் போட்டால், பேசாமல் இருப்பதே விவேகமாகத் தோன்றும்.

ஆனால் அந்தக் கணக்கில் நட்டம் ஒருவருக்கும் உயிர் இன்னொருவருக்கும் போகிறது. மௌனத்தால் தப்பிப்பவர்கள் பெரியவர்கள். சுவருக்கு அடியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை அந்த இடத்தைத் தானாகத் தேர்ந்தெடுக்கவில்லை. பெற்றோரும் சட்டமும் அனுப்பித்தான் அது அங்கே இருக்கிறது. பிறர் உயிரைப் பணயம் வைத்துச் சந்தேகத்தின் பலனைத் தனக்கு எடுத்துக்கொள்ள எவருக்கும் உரிமை இல்லை.

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையலறையில் பற்றிய தீ, கீற்றுக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைக் கொன்றது. அந்தக் கூரை யார் கண்ணுக்கும் மறைந்திருக்கவில்லை. குறுகிய படிக்கட்டில் தினமும் பல நூறு பேர் ஏறி இறங்கினார்கள். அந்தத் துயரத்தையொட்டித் தொடரப்பட்ட வழக்கில்தான், பாதுகாப்பான பள்ளி என்பது கல்வி உரிமையின் பகுதியே என்று உச்ச நீதிமன்றம் 2009-ல் தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகும், 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலி சாப்டர் பள்ளியில் கழிப்பறைச் சுவர் விழுந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். பழுதான பள்ளிக் கட்டடங்களை மாநிலம் முழுக்கக் கணக்கெடுத்து இடிக்கும் வேலை அதன்பின்தான் வேகம்பிடித்தது. சாவு வந்து சொல்லும்வரை காத்திருந்தோம் என்பதைத் தவிர இதற்கு வேறு பொருள் இல்லை.

ஆகவே சொல்லத்தான் வேண்டும். இத்தோடு நிறுத்திக்கொள்வது எளிது, நேர்மையாகாது. சொன்னவருக்கு மறுநாள் என்ன ஆகிறது என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் ஒரு பிளஸ் டூ மாணவன், சக மாணவர்களின் சாதித் தொல்லை தாங்காமல் பள்ளிக்கு வராமல் நின்றுவிட்டான். ஏன் வரவில்லை என்று பள்ளி கேட்டது. நடந்ததைச் சொன்னான். அதன்பின் அந்தச் சக மாணவர்கள் இரவில் வீடு புகுந்து அவனை அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. புகாரைக் கேட்டுவாங்கிய பள்ளியால், புகார் சொன்ன பிள்ளையை ஓர் இரவுகூடக் காக்க முடியவில்லை. கேட்பது பாதிக் கடமைதான். மாணவர்களிடையே சாதி வன்முறையைத் தடுக்க வழிசொல்ல, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழு அமைக்கப்பட்டு 2024 ஜூனில் அறிக்கையும் கொடுத்தது, இந்தக் கொடுமையையொட்டித்தான்.

ஆசிரியர்களின் நிலையும் இதுவே. 2012 பிப்ரவரியில் சென்னையில் ஓர் ஆசிரியை வகுப்பறையிலேயே மாணவனால் குத்திக் கொல்லப்பட்டார். பிள்ளையின் படிப்பைப் பற்றி நாட்குறிப்பில் எழுதி வீட்டுக்குத் தெரிவித்தவர் அவர்.

அருப்புக்கோட்டைக்கு இது வெளியூர்ச் சங்கதி இல்லை. 2018-ல் இங்குள்ள கலைக் கல்லூரி ஒன்றில், மாணவிகளைத் தவறான வழிக்கு அழைத்த உதவிப் பேராசிரியை மீது வழக்கு வந்தது. அவருடைய தொலைபேசிப் பேச்சைப் பதிவு செய்து, துணிந்து புகார் சொன்னவர்கள் அந்த மாணவிகள்தான். பேராசிரியைக்குப் பத்தாண்டுச் சிறை என்று திருவில்லிபுத்தூர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2024 ஏப்ரல் 30-ல். ஆறு ஆண்டுகள். அத்தனை காலமும் ஊர்ப்பேச்சின் நடுவே வாழ்ந்தது புகார் சொன்ன பெண்களும்தான். ‘காலேஜ் பேரு கெட்டுப்போச்சே’ என்று அங்கலாய்த்தவர்கள் அதை எண்ணிப்பார்க்க வேண்டும். நிறுவனத்தின் பெயரும் பிள்ளையின் பாதுகாப்பும் மோதும் இடத்தில், பெயரைக் காக்க நினைப்பது அறமே ஆகாது.

குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றம் தெரிந்தும் சொல்லாமல் மறைப்பவரை 2012-ன் போக்சோ சட்டம் தண்டிக்கிறது. அது சரி. மறைத்தவருக்குத் தண்டனை கடுமையாகவே இருக்கட்டும். ஆனால் விரிசலை எழுத்தில் தெரிவித்த தலைமையாசிரியரையும் மறைத்தவரையும் ஒரே கயிற்றில் கட்டினால், அடுத்த பள்ளியில் எவரும் எழுத மாட்டார். கட்டடத்தை இடிக்கும் அதிகாரமோ பணமோ அவர் கையில் இல்லை. விபத்து நடந்த அன்று முதலில் தற்காலிகப் பணிநீக்கம் ஆவது மட்டும் பெரும்பாலும் அவர்தான். தகவல் சொல்வது கண்டவரின் கடமை. சொன்ன பிறகு பாரம் முழுக்க அதிகாரம் உள்ளவருடையது.

கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் அமைந்த பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்குப் பேர் பெற்றோரே. பந்தல்குடியிலும் சுற்று ஊர்களிலும் அந்தப் பெற்றோர், மழைக்கு முன் ஒரு நாள் பள்ளியைச் சுவர் சுவராக, கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி, மின்பெட்டி விடாமல் சுற்றிப் பார்க்க வேண்டும். யார் எதைச் சொன்னாலும் தீர்மானப் புத்தகத்தில் தேதியோடு எழுதி, சொன்னவர் கையில் ஒரு நகல் கொடுக்க வேண்டும். பிள்ளை சொன்னதாக இருந்தால், பெயர் வெளியே போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பள்ளிக்குள் சொல்லப் பயப்படும் பிள்ளைக்கு 14417, 1098 என்ற இரண்டு உதவித் தொலைபேசி எண்கள் இருக்கின்றன. இரண்டுக்கும் கட்டணம் கிடையாது.