பயின்ற கையும் பண்பட்ட நெஞ்சும்

யாழ் மீட்டியே ஒருவன் யாழ்வல்லோன் ஆகின்றான். அவ்வாறே நீதியான செயல்களைச் செய்தே ஒருவன் நீதிமான் ஆகின்றான் என்பது அரிஸ்டோட்டிலின் கருத்து. ஒழுக்கத்தை விளக்க இசைப் பயிற்சியை அவர் எடுத்தாண்டமை சிந்தனைக்குரியது. அவ்வொப்புமை எதுவரை செல்லும்? நெடுங்காலம் அடங்கிப் பயின்ற கலைஞனின் நெஞ்சமும் அப்பயிற்சியாற் பண்படுமா? அன்றிப் பண்படுவது அவனுடைய கை மட்டுந்தானா?

மட்டக்களப்பு வாவியின் மேற்கே, படுவான்கரையில் அமைந்தது பழுகாமம். திரௌபதை அம்மன் கோயிலும் பாரதக் கதையும் அவ்வூர் வாழ்வோடு பிணைந்தவை. அப்பிரதேசத்தின் கூத்து மரபிற் பழகுதல் என்பது மாதக்கணக்கான உழைப்பாகும். அண்ணாவியார் சட்டம் கொடுப்பார். பகலில் வயலில் நின்றவன் இரவிற் களரியில் நின்று தாளக்கட்டுக்குக் கால் வைக்கப் பழகுவான். சதங்கை அணிந்து, அடுக்குப் பார்த்து, அதன் பின்னரே அரங்கேற்றம். மத்தளத்தின் சொல்லை மீறிக் கால் போகலாகாது. தன் குரல் பிற்பாட்டுக்காரரின் குரலை விட்டு விலகலாகாது. அடக்கம், பொறுமை, பிறர்க்குச் செவிகொடுத்தல் ஆகியன இப்பயிற்சியினுள்ளே பொதிந்துள்ளன.

மேலைச் செவ்வியல் இசையின் செலோப் பயிற்சியும் இயல்பால் இதற்கு வேறானதன்று. வயலின் குடும்பத்தைச் சேர்ந்த அக்கருவியில், வீணைக்குள்ளவை போன்ற மெட்டுகள் இல்லை. ஒவ்வொரு சுரத்தின் இடத்தையும் விரலானது செவியின் துணைகொண்டே கண்டறிதல் வேண்டும். இலங்கைப் பெற்றோருக்கு 1939இல் இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரிற் பிறந்த ரொஹான் டி சேரம், பதினொரு வயதில் இத்தாலி சென்று கஸ்பார் கசாடோவிடமும், பின்னர் போர்ட்டோ ரிக்கோவில் பாப்லோ கசால்ஸிடமும் பயின்றார். கண்டிய மேளமும் கற்றார். இத்தாலிய இசையமைப்பாளர் லூசியானோ பேரியோ 2002இல் அவருக்கென ஆக்கிய தனிச் செலோ உருப்படியில் அம்மேளத்தின் தாளங்கள் இடம்பெற்றன. 2024இல் மறைந்த அக்கலைஞரின் வாழ்வு, ஒருவர் இரு மரபுகளுக்கும் பணிந்த மாணவராய் இருத்தல் கூடும் என்பதைக் காட்டிற்று.

ஆயினும், பயிற்சி ஒன்றினாலேயே நெஞ்சு பண்படும் எனத் துணிதற்கு வரலாறு இடந்தரவில்லை. 1943ஆம் ஆண்டின் இறுதியில் ஓஸ்விச் வதைமுகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்ட அனிதா லாஸ்கர் என்னும் யூத இளம்பெண், செலோ வாசிக்கத் தெரிந்திருந்தமையால் உயிர் தப்பினார். கைதிகள் வேலைக்குச் செல்லும்போதும் மீளும்போதும் முகாமின் பெண்கள் இசைக்குழு அணிநடை இசை வாசித்தது. கைதிகள்மீது கொடிய பரிசோதனைகள் நடத்திய மருத்துவன் மெங்கலே, ஷூமானின் மென்மையான உருப்படியொன்றை அவரை வாசிக்கச் சொல்லிக் கேட்டான். அவன் கேட்போனேயன்றிக் கலைஞன் அல்லன் எனச் சிலர் கூறக்கூடும். ஆனால், 1933இல் யூத இசைஞர்கள் ஜேர்மனியின் அரச இசைக்குழுக்களிலிருந்து நீக்கப்பட்டபோது, எஞ்சியிருந்த தேர்ந்த கலைஞருட் பெரும்பாலோர் தத்தம் இருக்கைகளில் அமர்ந்து தொடர்ந்து வாசித்தனர். அவர்தம் பயிற்சியிற் குறையேதும் இருக்கவில்லை.

இம்முரணுக்கு விடைகாண உதவும் வேறுபாடு ஒன்றினையும் அரிஸ்டோட்டிலே காட்டியுள்ளார். வேண்டுமென்றே பிழை செய்பவன், கலையைப் பொறுத்தவரை, அறியாது பிழை செய்பவனிலும் மேலானவன். ஒழுக்கத்திலோ அவனே கீழானவன். தெரிந்தே அபசுரம் எழுப்பும் வித்துவான் வித்துவானாகவே இருக்கின்றான். தெரிந்தே அநீதி செய்பவன் நீதிமானாக இருத்தல் இயலாது. கலைத்திறன் என்பது ஓர் ஆற்றல். அதனை எதற்கும் பயன்படுத்தலாம், பயன்படுத்தாமலும் விடலாம். ஒழுக்கமோ அவ்வாற்றலை எதற்குப் பயன்படுத்துவது என்னும் தெரிவு.

கசால்ஸின் வாழ்வு இவ்வேறுபாட்டைத் தெளிவாக்கும். ஸ்பெயினிற் பிராங்கோவின் ஆட்சி நிலைபெற்றபின் அவர் பிரான்சில் அகதியாக வாழ்ந்தார். உலகப் போரில் வென்ற நாடுகள் அவ்வாட்சியைப் பொறுத்துக்கொண்டமையைக் கண்டித்துப் பொதுமேடையில் வாசிப்பதைக் கைவிட்டார். 1950இற் பிராட் நகரில் மீண்டும் மேடையேறிய பின்னரும் தாயகத்தில் மீளக் குடியேறாமலே 1973இற் காலமானார். அந்த மௌனத்தை எந்த ஆசிரியரும் அவருக்குப் பயிற்றவில்லை. அதனை அவரே தேர்ந்தார்.

அங்ஙனமாயின் பயிற்சிக்கு அறப்பயன் யாதுமில்லையா? உண்டு. தன் பிழையைப் பிறர் கூறுமுன் தானே கேட்டுணரும் செவியை அது தருகின்றது. ஆனால் அச்செவியை வாழ்வின்பால் திருப்புதல் தனியான முயற்சியாகும். பாஞ்சாலியின் துயரை உருக்கமாகப் பாடிய கூத்து மரபே, பெண்பாத்திரத்தையும் ஆடவரே ஏற்று ஆடும் வழக்கத்தை நெடுங்காலம் வினாவின்றி ஏற்றிருந்தது. தாளத்தின் நுண்பிழையையும் அறிந்த செவிகளுக்கு அவ்வினா கேட்கவில்லை. களரியிற் கால் தவறினால் அண்ணாவியாரின் மத்தளம் உடனே உணர்த்திவிடும். வாழ்விலோ, தவறும் இடத்தைத் தானே உற்றுக் கேட்டறியும் பொறுப்பு பயின்றவனுக்கே உரியது.