நிறத்தை நீக்குவது பொய்யாகுமா?

வண்ணத்தில் எடுத்த மலைக்காட்சி ஒன்றைக் கறுப்பு வெள்ளையாக மாற்றுகிறோம். பசும்புல்லும் நீல வானும் சாம்பல் நிறத்தில் கரைந்துவிடுகின்றன. கண் கண்டதை மறைத்துவிட்டோமே, இது பொய்யாகாதா என்னும் ஐயம் நம்முள் எழுவது இயல்பே.

நிறத்தை எடுத்துவிட்டால் எஞ்சுவது உள்ளபடியான ஒளியே என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். அது அவ்வளவு எளிதன்று. சிவந்த மலரும் அதைச் சூழ்ந்த பச்சை இலையும் ஒரே அளவு ஒளியுடையனவாயின், மலர் இலைக்குள் மறைந்துபோகும். கணினியில் வழங்கும் கணக்கு ஒன்று, சிவப்பில் 30, பச்சையில் 59, நீலத்தில் 11 விழுக்காடு எடுத்துக் கூட்டுகிறது. நம் கண் பச்சையை மிகுதியாகவும் நீலத்தைக் குறைவாகவும் உணர்வதே இதன் காரணம். இவ்விகிதத்தை மாற்றினால் அதே வானம் வெளுக்கும், அல்லது கறுக்கும். ஆகவே எது எவ்வளவு கறுக்க வேண்டும் என்பதை ஒருவர் முடிவு செய்தே தீரவேண்டும்.

1927-இல் அமெரிக்காவின் யோசெமிட்டிப் பள்ளத்தாக்கில், ஹாஃப் டோம் என்னும் பெரும்பாறையை ஆன்சல் ஆடம்ஸ் படமெடுத்தார். மஞ்சள் வடிகட்டியுடன் எடுத்தபின், தம் உள்ளத்து வியப்பு அதில் வராது என உணர்ந்தார். எஞ்சியிருந்த கடைசிக் கண்ணாடித் தகட்டில், அடர்சிவப்பு வடிகட்டி பொருத்தி மீண்டும் எடுத்தார். சிவப்புக் கண்ணாடி நீல ஒளியைத் தடுத்தது. பகல் வானம் ஏறத்தாழ இருளாயிற்று. அன்று வானம் அப்படிக் கறுத்திருக்கவில்லை. எனினும் அவர் பொய்யுரைத்தார் என்று நாம் சொல்வதில்லை. ஏன்?

கறுப்பு வெள்ளைப் படம் தான் முழுமையன்று என்பதை முதற்பார்வையிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறது. வாடிய புல்லைப் பசுமையாக்கிக் காட்டும் வண்ணப்படமோ முழுமைபோல் நடிக்கிறது. விடுவது பொய்யன்று, விட்டதை மறைப்பதே பொய்.

ஆயினும் இத்துடன் நாம் அமைதி கொள்ளலாகாது. நிறம் போனதை எல்லாரும் காண்பர். வானத்தைக் கறுப்பித்த கையை யாரும் காணார். அப்படத்தையே அன்றைய வானிலைக்குச் சான்றாகக் காட்டினால், அது பொய்ச்சான்று ஆகிவிடும்.

அண்டை வீட்டார் சண்டையை நாம் பிறரிடம் சொல்லும்போதும் இதுவே நிகழ்கிறது. ஒருவரின் கோபத்தை இருளாக்குகிறோம். மற்றவரின் சுடுசொல்லை வெளிற வைக்கிறோம். சொன்னவை யாவும் நடந்தவையே. ஆனால் கேட்டவர் மனத்தில் ஒரு மனிதரின் பெயர் கெட்டுவிடுகிறது.

மாற்றிய படத்தோடு மூல வண்ணப்படத்தையும் காத்து வைப்பது நல்ல வழக்கம். கேட்பவருக்கு எடுத்துக் காட்டலாம். பிறரைப்பற்றி நாம் சொல்லிவிட்ட கதைகளுக்கு அத்தகைய மூலத்தைக் காட்ட நம்மால் இயலுமா?